மெய்ப்பு

டாக்டர் பரிபூரணம் எழுதிய புத்தகம்,
எல்லோருக்கும் புரிகிற மாதிரி, பிணத்தைப் பற்றி.
ராயப்பேட்டைப் பதிப்பகம் பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் தருகிறது.
பெரம்பூரில், மூன்றாம் மாடியில்,
விசிறிக்குப் பறக்காமல் தாள்மேல் ஸ்பேனரை வைத்துவிட்டு,
தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டு
மெய்ப்புப் பார்க்கிறேன்.

முதல் நாள் குமட்டியது.
நான்காம் நாள்,
புழு பின்பக்கத்தால் மூச்சு விடுகிறது,
சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்க வேண்டியதில்லை
என்ற வரியில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன்.

டாக்டர் "குசு" என்றே எழுதியிருந்தார்.
பதிப்பாளர் "அபானவாயு" ஆக்கினார்.
நான் பென்சிலால் திரும்பவும் குசு.
மூன்று முறை போய் வந்தது அந்த ஒரு சொல்.
கடைசியில் "வாயு" என்று சமாதானமானோம்,
இருவருக்கும் திருப்தியில்லை.

சந்திப்பிழை பெரிதில்லை.
என்னை நிறுத்தியது திணை.
அறுபத்திரண்டாம் பக்கத்தில் "அவர் பச்சையாகிறார்."
அறுபத்து நான்கில் "அது வீங்குகிறது."
நடுவில் ஒரே ஒரு பக்கம்.
எத்தனை மணிக்கு அவர் அதுவானார்?
ஓரத்தில் எழுதினேன்: ஆசிரியர் கவனிக்க.
பதில் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் வேலை அதிகமாம்.

வியாழக்கிழமை எதிர்வீட்டுக் கதவை உடைத்தார்கள்.
மெல்வில் டிக்ரூஸ். ஐ.சி.எஃப்-இல் வெல்டராக இருந்தவர்.
கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக் தருவார்,
மற்ற நாளெல்லாம் லிஃப்ட் கதவைச் சாத்தவில்லை என்று திட்டுவார்.
இரண்டு நாளாக நாற்றம் வந்தது உண்மைதான்.
புத்தகத்திலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன்.

கான்ஸ்டபிள் கர்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு
"பாடி எப்பலேர்ந்து கெடக்குது?" என்றார்.
யாருக்கும் தெரியவில்லை.
வாசல்படி வரை வந்திருந்தது ஒரு புழு.
நகத்தளவு. கொழுத்தது. இனித் தின்னாது,
கூடாக இருட்டைத் தேடிப் போகிற வயசு.
பக்கம் எழுபத்தொன்று; சென்னை வெயிலுக்கு ஒரு நாள் கழிக்கவும்.
"ஞாயிறு ராத்திரி," என்றேன், "இல்லாட்டி திங்கள் விடிகாலை."
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
கான்ஸ்டபிள் என் பேரை நோட்டில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை பூரா எட்டடி தூரத்தில்
"கசிவு" என்பதா "ஒழுகல்" என்பதா என்று
அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கீழே வேனில் ஏற்றும்போது யாரோ சொன்னார்கள்:
"மெதுவா, அது இடிக்குது பாரு."
"அவர்," என்றேன்.
ஸ்ட்ரெச்சர் சத்தத்தில் கேட்டிருக்காது.

ராத்திரி, ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு
அறுபத்து நான்கிலிருந்து ஆரம்பித்தேன்.
வீங்குகிறார்.
வெடிக்கிறார்.
கசிகிறார்.
எங்களுக்கெல்லாம் முந்தி ஈ வந்தது, முட்டையிட்டது;
அதை மட்டும் அஃறிணையிலேயே விட்டேன்.
நூற்று நாற்பதாம் பக்கத்தில் எலும்பானார்.

பதிப்பாளர் அடித்துவிடுவார், தெரியும்.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில்
"இருக்கட்டும்" "இருக்கட்டும்" என்று எழுதிக்கொண்டே போனதில்
தயிர்சாதம் புளித்துவிட்டது.