நாற்பத்தெட்டாவது வரிசை

முதலில் ஒரு வெள்ளைப் பக்கம்.
அதில் ஐந்து பெட்டிகள்:
பெயர், பிறந்த நாள், பென்ஷன் எண்,
'உயிருடன் இருக்கிறேன்' என்று டிக் அடிக்க ஒரு கட்டம்,
குறிப்பு.
கடைசியைத் தவிர எல்லாவற்றுக்கும்
சிவப்பு நட்சத்திரம் போட்டேன்.

மிசியோன் வீதியில், ரொட்டிக்கடைக்கு மேல், சங்க அலுவலகம்.
நவம்பர் மழை ஜன்னலில் நுழைந்து
கீபோர்டைத் தேடும்.
செயலாளர் சவரிநாதன் சொன்னது இவ்வளவுதான்:
'வருஷத்துக்கு ஒருதரம் வந்து
உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போடறாங்க.
அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திடு, கயற்கண்ணி.'

சோதனைக்கு நானே ஆட்களைப் பெற்றேன்.
'ஆஆஆ' என்பவர் 1900இல் பிறந்தார்.
'கொசு' என்பவருக்குப் பென்ஷன் எண் ஒன்று.
'அனுப்பு' அழுத்த அழுத்த
ஆளுக்கொரு வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.
சாயங்காலம் நாற்பத்தேழு பேரையும் அழித்தேன்.
அவர்கள் வாங்கிய எண்களைத் தரவுத்தளம்
திருப்பிக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை, முதல் ஆள்.
சொலாஞ்ச் தாம்புருவாஸ், கொசக்கடை வீதி.
கணவர் பட்டாளத்துக்காரர், ஜிபூத்தி வரை போனவர்.
மடியில் ரொட்டிப் பை.
பிரெஞ்சில் எழுதினால் அவர் பெயரில்
டிக்குப் பின்னால் மேலே ஒரு கீற்று,
அரிசியில் பாதி.

அனுப்பு.
பக்கம் முழுக்கப் பிழை.

பெயரை நான் இரண்டு கீற்றுகளுக்கு நடுவில் வைத்திருந்தேன்.
அவருடைய கீற்றைக் கண்டதும்
பெயர் முடிந்தது என்று நினைத்துவிட்டது தரவுத்தளம்.
மீதி எழுத்துகளைக் கட்டளையாகப் படித்து
அப்படியொரு கட்டளை தனக்குத் தெரியாது என்றது.

'அப்ப நான் இல்லைங்குதா?'
'இருக்கீங்க. பேர்லதான்...'
'பேரைத் தொடாதே. மெரி ஏட்டிலேயே அப்படித்தான்.'

கீற்றை விட்டுவிட்டு அடி என்றார் சவரிநாதன்.
அடித்தால் ஏறியிருக்கும்.
பிரான்சின் எந்த ஏட்டிலும் இல்லாத ஒருத்தி
உயிருடன் இருந்திருப்பாள்.

இருபது நிமிடம் கேட்டேன்.
பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து
ரொட்டியைப் பிட்டபடி
குறிப்புப் பெட்டியில் ஒற்றை விரலால்
என்னவோ தட்டிக்கொண்டிருந்தார்.
கிடைத்த பெயரை அப்படியே வரிக்குள் ஒட்டியது
என் சோம்பல்.
அந்த இடத்தில் இப்போது ஒரு கேள்விக்குறி வைத்தேன்.
வருவதைத் தனியே வாங்கி அதில் சேர்க்கும்.
கீற்றோ அரைப்புள்ளியோ இருக்கட்டும்,
'எல்லாவற்றையும் அழி' என்றே யாரோ எழுதட்டும்,
அது பெயர்.
கட்டளை இல்லை.

அனுப்பு.
'பதிவாயிற்று. எண் 48.'
சீல் எங்கே என்றார்.
சீல் கிடையாது என்றதும்
ரொட்டிப் பையில் 48 என்று என்னையே எழுதவைத்து
வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

ராத்திரி லாஸ்பேட்டை வீட்டில் அட்டவணையைத் திறந்தேன்.
அன்று வந்தவர்கள் பதினொரு பேர்.
கட்டாயமில்லாத பெட்டியை
ஒருவர் விடாமல் நிரப்பியிருந்தார்கள்.
'இடது காது கேக்காது, போன் பண்ணாதீங்க.'
'மகன் லியோன்ல. அவன் நம்பர் வேணாம்.'
'மழை.'
நாற்பத்தெட்டில்,
போன வருஷமும் இருந்தேன் என்று தொடங்கி,
அதற்கு முந்தின வருஷமும் என்று நீண்டு,
பணம் அவர் பேரில் வருது வந்து நிக்கிறது நான் என்று வளர்ந்து,
இருபத்தாறு படிக்கும் கைப்பிடி கேட்டு,
இன்னொண்ணு,
அந்த மின்விச

அங்கேயே நின்றிருந்தது.

நமக்குச் சி ஒரே எழுத்து.
அதற்குச் ச ஒன்று, மேல்விலங்கு ஒன்று.
இருநூற்றைம்பத்தைந்து என்று நான் யோசிக்காமல் போட்ட எல்லை
சரியாக இரண்டுக்கும் நடுவில் விழுந்திருக்கிறது.

காலையில் பெட்டியைப் பெரிதாக்கினேன்.
வெட்டுப்பட்டது திரும்பவில்லை.
அது ஏறவே இல்லையே.

'ஃபேனைப் பத்தி ஏதோ எழுதியிருக்காங்க' என்றேன்.
'ஓடலைன்னா, வேகமா ஓடுதுன்னா?' என்றார் சவரிநாதன்.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.