நம்பிக்கை இடைவெளி

குட்டாயிசி. பிப்ரவரி.
பனியில் பஸ்கள் மட்டும் விழித்திருந்த நேரம்
கைபேசியில் ஒரு கட்டுரையைத் திறந்தேன்.
சுருக்கம் மட்டும் இலவசம்.
மிச்ச ஒன்பது பக்கம்
என் இரண்டு வாரச் சாப்பாட்டைக் கேட்டது.

கீழ்முதுகு வலிக்கு நடையும் பயிற்சியும் நல்லது,
ஒலியலைக் கருவியால் பெரிதாகப் பலனில்லை
என்றது சுருக்கம்.
பிறகு ஓர் எண், இன்னோர் எண்,
நடுவே ஒரு சிறு கோடு.
எங்கள் ஜார்ஜிய மொழியிலும்
அதற்கு நம்பிக்கை இடைவெளி என்றுதான் பெயர்.
புள்ளியியலை
இரண்டு முறை எழுதித்தான் தேறினேன்.

ஜும்பெர் சுக்திதி வழித்தடத்தில் மினிபஸ் ஓட்டுகிறார்.
இருபத்தெட்டு வருடம் ஒரே இருக்கை.
முதுகு அதன் வடிவத்துக்கே வந்துவிட்டது.
வயது அறுபத்து மூன்று.
கட்டுரையில் இருந்தவர்கள் டென்மார்க்காரர்கள்.
சராசரி வயது முப்பத்தெட்டு.
அறுபதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவில்லையாம்.

"தினமும் கொஞ்சம் நடங்கள்" என்றேன்.
"ஊர் நடக்காமல் இருக்கத்தானே மகளே
நான் பஸ் ஓட்டுகிறேன்!
பேசாமல் அந்தப் பெட்டியை வை."

பிரிவின் தலைவி லமாராவிடம் கைபேசியை நீட்டினேன்.
அவர் படித்ததெல்லாம் ரஷ்ய மொழியில்.
ஒவ்வொரு சொல்லாக நான் பெயர்த்துச் சொல்ல
கடைசிவரை கேட்டார்.
"இதில் ஜும்பெர் எங்கே இருக்கிறார்?" என்றார்.
பதில் தெரியாததைவிட
கேள்வி சரியாக இருந்ததுதான் சுட்டது.
வெளியே பதினோரு பேர்.
ஆளுக்குப் பதினைந்து நிமிடம்.

கருவியை இழுத்து வந்தேன்.
உறுமியது. பச்சை விளக்கு எரிந்தது.
களிம்பு பூசுமுன்
முதலாண்டில் காட்டிய சோதனை ஞாபகம் வந்தது:
முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால்
ஒலி இருந்தால் துள்ளும்,
தோசைக்கல்லில் தெளித்தாற்போல.

விட்டேன்.
ஜன்னலைத் தனக்குள் வைத்துக்கொண்டு
சொட்டு சும்மா இருந்தது.
முழுசாகத் திருகினேன்.
சும்மாவே இருந்தது.

எத்தனை நாளாக இப்படி, யாருக்கும் தெரியாது.
செவ்வாய்க்கிழமை இதே முனையால்
ஜும்பெரின் முதுகில் பத்து நிமிடம் வட்டமிட்டிருந்தேன்.
மறுநாள் அவர் காகிதத்தில் சுற்றி
அக்ரூட் கோத்த திராட்சைப்பாகுச் சரம் கொண்டுவந்தார்.
பாதி வலி போயிற்று என்றார்.

கட்டுரை சொன்னது நடந்திருக்கிறது.
கட்டுரை சொல்லாததும்.

வாயை மூடிக்கொண்டு களிம்பைப் பூசியிருக்கலாம்.
"இந்தப் பெட்டி செத்துக் கிடக்கிறது" என்றேன்.
குப்புறப் படுத்தபடியே சிரித்தார்,
கட்டில் கிறீச்சிட்டது.
"அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை
என்னைத் தேற்றியது யார்?"

மேற்கோள் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.
அவருடைய மருமகனைப் பற்றிக் கேட்டேன் அன்று.
பேச்சு முடியவில்லை,
மணி அடித்தும் கையை எடுக்கவில்லை.
அவ்வளவுதான்.

தாழ்வாரத்தில் நடந்தோம்,
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆறு தடவை.
ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று
தன் பஸ் பத்திரமா என்று பார்த்தார்.
நாலாவது தடவை அவராகவே சொன்னார்:
"சம்த்ரெதியாவில் ஏழு நிமிடம் நிற்பேன்.
அங்கே பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தால்
உன் டென்மார்க் ஒத்துக்கொள்ளுமா?"

தெரியாது என்றேன்.
அந்த ஒன்பது பக்கத்தில் இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

பதிவேட்டில் நடைக்குக் கட்டம் கிடையாது.
காப்பீட்டுக்காரர்கள் பணம் தருவது பெட்டிக்குத்தான்.
மேலே வரிவரியாக என் கையெழுத்தில்
ஒலியலை பத்து, ஒலியலை பத்து.
லமாரா பேனாவை நீட்டினார்,
என் முகத்தைப் பார்க்கவில்லை.

அச்சடித்த கட்டங்களுக்கு வெளியே,
தாள் கிழிந்திருந்த ஓரத்தில்,
ஏழு நிமிடம் என்று எழுதினேன்.
எதில் ஏழு என்று எழுதவில்லை.