மூணு செல்

ரிச்சி தெருவில் மூன்றாவது சந்து.
மாடிப்படிக்குக் கீழே கடை.
ஒருவர் நின்றால் அடுத்தவர் சாக்கடை ஓரம்.
“மூணு செல்லா, நாலு செல்லாக்கா?”
டீயைக் கீழே வைக்காமல் கேட்கிறான் நிஜாம்.

எனக்கு மாதவரத்தில் எடைமேடையில் வேலை.
காலி லாரி ஏறும், எழுதுவேன்.
பாரத்தோடு திரும்ப வரும், எழுதுவேன்.
கழித்தால் மிஞ்சுவதுதான் சரக்கு.
அதனால் வோல்ட்டை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்,
முதலில், “எத்தனை கிராம்?”

நாலு செல், ஐந்நூற்றுப் பத்து.
மூணு செல், முந்நூற்று எண்பது.
நேற்றே தெரியும். சும்மா கேட்டேன்.

நேற்று ராத்திரி
கல்லுப்பைக் கவரில் கட்டி நிறுத்து
படகின் வயிற்றுக்குள் வைத்து
லாரித் தண்ணீர் பிடிக்கிற நீல டிரம்மில் இறக்கினேன்.
ஐந்நூற்றுப் பத்துக்கு மூக்கு தண்ணீர் குடித்தது.
இரண்டு விரல் பின்னால் தள்ளினேன்,
வால் சப்பென்று உட்கார்ந்துகொண்டது.
கொஞ்சம் கொஞ்சமாய் உப்பை எடுத்துக்கொண்டே வந்தேன்.
முந்நூற்று எண்பதில்
சிவப்புக் கோட்டோடு நனைந்து
தன்பாட்டுக்கு நின்றது.
எடுத்த உப்பு இன்று ரசத்தில்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்டிக்கரில் நூறு சி என்று போட்டிருக்கிறது.
பதினாறு டன் என்று சீட்டு காட்டிவிட்டு
பன்னிரண்டோடு மேடை ஏறுகிற லாரிகளை
தினம் பார்க்கிறவள் நான்.
இருபது என்று வைத்துக்கொள்கிறேன்.
ஐயாயிரத்துக்கு இருபது என்றால் நூறு ஆம்பியர் தரும்.
என் ஈஎஸ்சிக்கு அறுபதிலேயே மூச்சு வாங்கும்.
போதும்.

ஓடுவது ஆறு நிமிடம்.
ஆறு நிமிடத்துக்கா இவ்வளவு என்றால்
ஆமாம், ஆறு நிமிடத்துக்குத்தான்.

ரெஜினால்ட் நாலு செல் ஆள்.
ஐசிஎஃப்பில் வெல்டர்,
பொறி பறக்காத எதுவும் அவனுக்கு வேலையாகத் தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை காலை, ரெட்டேரி.
அவன் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்,
போகிறபோக்கில் என் படகை முழுக்காட்டிவிட்டு.
நாலாவது நிமிடம் வரைக்கும்.

அப்புறம் நடு ஏரியில் சத்தம் அடங்கி
செருப்பு மாதிரி மிதக்கும்.
காற்று அதை மெதுவாக ஆகாயத்தாமரைப் பக்கம் ஒதுக்கும்.
அவன் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு
கரையில் நிற்பான்.
நீச்சல் தெரியாது. அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டான்.

எனக்கு பாக்கி இரண்டு நிமிடம் இருக்கும்.
டிரிக்கரைத் தொட்டும் தொடாமலும் பிடித்து
என் மூக்கால் அதன் முதுகை
முட்டி, விட்டு, முட்டி,
பாசிக்குள் சிக்காமல் சுற்றிக் கொண்டுவருவேன்.
குனிந்து இரண்டையும் தூக்குவான்.
சட்டை நுனியால் ஒன்றைத் துடைப்பான்.
என்னுடையதை.

“நாலு போட்டா பறக்கும்க்கா.
அண்ணன் அதத்தான் வாங்கிட்டுப் போனாரு.”
“மூணு குடு. ஐயாயிரம்.”
“ஸ்பீடு வேணாமா?”
பர்ஸில் நூறு ரூபாய்களை ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினேன்.

பழைய பேப்பரில் சுற்றித் தருகிறான்.
மண்சட்டியில் வைத்துத்தான் சார்ஜ் போடணும்,
பக்கத்திலேயே இருக்கணும்,
இன்னிக்கே முழுசா ஏத்திராதீங்க,
நிரம்பி நாள் கணக்கா கிடந்தா உப்பிக்கும்.
இன்று வியாழன்.
தெரியும், என்றேன்.
சனி ராத்திரி வரைக்கும் பாதியிலேயே இருக்கட்டும்.