எழுபது கிலோ அதிகம்

புளியரை எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
வைக்கோல், வாழைத்தார், கோழித் தீவனம், சிமெண்ட்,
மலையேறப் போகிற எல்லாமே
என் கண்ணாடிக்கு முன்னால் ஒருமுறை நிற்கும்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தவிக்கும்.
அடங்கியதும் சீட்டுக் கிழிப்பேன்.

ஆவுடையப்பன் போன ஆனி மாதத்திலிருந்து
எந்த வண்டி ஏறினாலும் எழுபது கிலோ அதிகம்.
முத்திரை ஆய்வாளர் வந்தார்,
படிக்கற்களை அடுக்கிப் பார்த்தார்.
கற்களுக்குச் சரியாகவே காட்டியது.
யந்திரத்தில் குறையில்லை என்று எழுதிப் போனார்.
குறை இல்லைதான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நிறுத்துப் பார்த்தபோது
நாற்பத்தொன்பது.
எழுபது, காய்ச்சலுக்கு முந்தைய எடை.
பார்டர் பரோட்டாவும் சால்னாவும் தின்ற எடை.
தென்காசி ரத வீதியில்
என்னைப் பின்னால் வைத்து மிதிக்கையில்
சைக்கிள் சீட் முனகிய எடை.
யாரிடம் சொல்ல?
ஓட்டுநர்கள் கத்தினார்கள். முதலாளி
கழித்து எழுது என்றார்.
சீட்டுக்குச் சீட்டு
என் கையாலேயே அவரைக் கழித்தேன்.

அழவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.
மூன்று வருஷம்
சாரலில் என் சேலை நனையவில்லை,
ஈர மண்ணில் செருப்பு பதியவில்லை.
விடிந்து வீடு திரும்பினால் தெருநாய்
நான் கடந்த பிறகுதான் தலை தூக்கும்.

புனலூர் தங்கச்சன் மட்டும் கத்தவில்லை.
வைக்கோல் லோடு. சீட்டை விளக்கில் பிடித்துப் பார்த்து,
"கழிக்கண்டா சேச்சி. ஆள் இருந்தோட்டே" என்றார்.
எப்படித் தெரியும்?
"கேபினில் பீடி வாசனை. நான் பீடி குடிக்கிறதில்லை."

அதன்பின் செவ்வாயும் வெள்ளியும்
அவர் தங்கச்சன் வண்டியில் போனார்.
அந்த இரவுகளில் மற்ற லாரிகள் சரியாக நின்றன.
காலையில் காலி வண்டியோடு எழுபதும் திரும்பி வரும்,
கூடவே செய்தியும் வரும்:
ஆரியங்காவு கோயில் தாண்டும்போது
கேபின் கொஞ்சம் முன்னால் குனிந்தது.
தென்மலையில் வண்டியை நிறுத்தச் சொன்னார், ஒண்ணுக்கு.
வாங்கி வைத்த கட்டன்சாயா
புனலூர்வரைக்கும் ஆறவே இல்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளி.
"கொல்லத்தில் இறங்கிவிட்டார் சேச்சி.
ஆள் இறங்கினால் வண்டி லேசாகத் துள்ளுமே, அப்படி.
கலங்கரை விளக்கத்துப் பக்கம் மணலில் கால்தடம்.
திரும்பி வந்த தடம் இல்லை."

அடுத்த லாரி சரியான எடை.
அதற்கடுத்ததும் சரி.
ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கி எறிந்தேன் தங்கச்சன்மேல்.
யாரைக் கேட்டு இறக்கினீர்? என் எழுபதை
யாரைக் கேட்டு?
தொண்டை கிழியக் கத்தியது நான்தானா என்று
எனக்கே சந்தேகம்.
மழையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.
பிறகு சொன்னார்:
"என் வண்டி எட்டு வருஷமாக ஐம்பது கிலோ குறைவு.
லில்லிக்குட்டி போனதிலிருந்து.
கூடினால் கேட்பார்கள் சேச்சி.
குறைந்தால் ஒருத்தரும் கேட்பதில்லை."

நான்கு மணி. வண்டி ஏதும் இல்லை.
வெளியே வந்து மேடையில் ஏறினேன்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம், என் நாற்காலியில், தங்கச்சன்.
பூஜ்யம் என்றார்.
நின்றேன்.
கோட்டைவாசல் பக்கமிருந்து காற்று இறங்கியது.
முதலில் முந்தானை நனைந்தது. பிறகு தோள்.
பிறகு முகம், அது மழையில்லை.
பத்து என்றார். முப்பது.
இரும்புத் தகடு காலுக்கடியில் முனகியது,
பழைய சைக்கிள் சீட்போல.
ஐம்பது.
கொஞ்சம் பொறுத்து, அறுபது.

சீட்டில் வண்டி எண் எழுதுமிடத்தில்
முப்பிடாதி என்று மலையாளத்தில் எழுதினார்.
"சரக்கு?" என்று கேட்டார்.
பசிக்கிறது என்றேன்.

ஐந்தரைக்குத்தான் கடையில் அடுப்பு மூட்டுவார்கள்.