பதினாறு அங்குல மின்விசிறி

செவ்வாய்க்கிழமை பழைய விசிறி
ஒயர் கருகும் வாசனையோடு நின்றது.
அன்றிலிருந்து தூக்கமில்லை.
புழுக்கத்தால் பாதி,
விலையால் பாதி.

ஆரஞ்சுக் கடையில் முப்பத்தெட்டு வெள்ளி தொண்ணூறு காசு.
நாற்பதைத் தொட்டால் அனுப்புகூலி கிடையாது.
அந்த ஒரு வெள்ளி பத்துக்காசுப் பள்ளத்தை மூட
பாத்திரம் தேய்க்கும் பஞ்சு, துணிக் கிளிப் இரண்டு டஜன்,
பூனைக்கு ஒரு கழுத்துமணி என்று போட்டுப் பார்த்தேன்.
ஐம்பத்திரண்டில் வந்து நின்றது.
எங்கள் வீட்டில் பூனை இல்லை.

நீலக் கடையில் நாற்பத்தொன்று ஐம்பது.
எண்பத்தொன்பது என்று எழுதி
அதன்மேல் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள்.
எண்பத்தொன்பதுக்கு யார் வாங்கினார்கள், எந்த யுகத்தில்?
புதன்கிழமை நான் குறித்தது நாற்பது.
மகன் பாதியில் விட்ட கணக்கு நோட்டில்
தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன்.
ஆனாலும் ஐந்து வெள்ளிக் கூப்பன் உண்டு;
இன்று நள்ளிரவு, பதினொன்றாம் மாதம் பதினொன்றாம் தேதி பிறக்கும்போது
திறக்கும்,
திறந்த வேகத்தில் தீர்ந்தும் போகும்.

மூன்றாவது கடை கடல் தாண்டி.
இருபத்தொன்பது. பன்னிரண்டு நாள்.
பிளக்கில் இரண்டே கால்; நம் சுவர் மூன்று கேட்கும்.

கீழே காப்பிக்கடைக்குப் பக்கத்தில்
இங் அங்கிள் நாற்பத்தைந்து சொன்னார்.
பெட்டியைப் பிரித்து, மாட்டி,
என் முகத்துக்கு நேரே சுழலவிட்டார்.
மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு
வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
கேட்க என்ன இருக்கிறது?
அருட்செல்வன் எரிமலை வாயிலும் குறட்டை விடுவார்.
அன்று முதல் ரயிலுக்கு நான்
கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

மணி பதினொன்று நாற்பது.
வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் படித்து முடித்து
கடைசியில் ஒருவர்.
விசிறிக்குக் கொடுத்தது மூன்று நட்சத்திரம்,
தன் பெயரை மறைக்க ஐந்து.
‘காற்று நன்று. ராத்திரி டக் டக் என்று ஒரு சத்தம்.
பழகிவிட்டது.’
கூடவே ஒரு படம்:
பிளாஸ்டிக் உறை கழற்றாத விசிறி,
பின்னால் திறந்த சன்னல்,
சன்னலுக்கு வெளியே எதிர்ப் புளோக்,
அதன் ஆறாம் மாடியில் மூங்கில் கழியில்
மஞ்சள் போர்வை ஒன்று,
மூலையில் இஸ்திரி சுட்ட முக்கோணம்.

அந்த முக்கோணத்தைச் சுட்டது நான்.

விரல்களால் விரித்துப் பெரிதாக்கினேன்.
என் சமையலறைச் சன்னல்.
என் கறிவேப்பிலைத் தொட்டி.
யாரோ ஒருவரின் மூன்று நட்சத்திரத்துக்குள்
என் ஒரு வார சலவை
ஈரம் சொட்டிக்கொண்டிருக்கிறது.

எழுந்து சன்னலுக்குப் போனேன்.
யீஷூனில் அந்நேரத்துக்கு
எதிர்ப் புளோக்கில் ஏழெட்டு வெளிச்சம்.
ஒன்றில் ஒருவர் நின்றபடியே நூடுல்ஸ் சாப்பிடுகிறார்.
ஒன்றில் தொலைக்காட்சி மட்டும் விழித்திருக்கிறது.
ஐந்தாம் மாடி, மூன்றாவது சன்னல்:
வெள்ளைத் தலையும் நீல இறக்கையுமாக
அதே விசிறி.
நாற்பது மீட்டர் இருக்குமா?
அனுப்புகூலி இல்லாத தூரம்.

இடமிருந்து வலம், வலமிருந்து இடம்
தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.
வாங்காதே என்கிறதா,
வாங்கு என்கிறதா?
நம்மவர் வீட்டு விசிறியாக இருந்தால்
அதுவும் சொல்ல முடியாது.
யார் அங்கே படுத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.
ஒரு கால் மட்டும் தெரிந்தது,
காற்று வரும்போதெல்லாம் போர்வை விளிம்பு
அதன்மேல் எழுந்து எழுந்து படுத்தது.

கைபேசி மேசையில் இருமுறை அதிர்ந்தது.
பன்னிரண்டு நான்கு.
கூப்பன் முடிந்துவிட்டதாம், வருந்துகிறார்களாம்.

நோட்டைத் திறந்து
நான்கு கடைக்கும் கீழே ஐந்தாவதாக ஒரு வரி எழுதினேன்:
எதிர்வீடு. ஐந்தாம் மாடி.
விலை தெரியவில்லை.
டக் டக், இங்கே கேட்கவில்லை.