பாலத்துக்கு முன் அழித்துவிடு

அவாதியாவை வேப்பமரத்தடியிலிருந்து
இழுத்துப்போன அன்று
கொதிக்கிற கெண்டியை இறக்கிவைக்க ஆளில்லை.
தண்ணீர் வற்றி, அடி கருகி,
இஞ்சி மணம் மட்டும் மாலைவரை
தெருவில் நின்றது.

அவள் படம் ஒன்று வேண்டும் என்றார்கள்.
என் கைபேசியில் ஊர்வலங்கள் இருந்தன.
கொடிகள், டயர்ப் புகை,
மேடையேறிக் கத்துகிற முசாப்,
கீழே பல்லெல்லாம் தெரிய நான்.
எல்லாப் படத்தின் ஓரத்திலும்
ஒரு கை, ஒரு தம்ளர்,
உடலைச் சுற்றிய மஞ்சள் துணியின் நுனி.
டீ ஊற்றுகிறவளை
யார் படமெடுத்தோம்?

ஆகவே கையிலிருந்து தொடங்கினேன்,
விரிசல் விட்ட திரையில், விரலால்.
கட்டைவிரலில் சூட்டுத் தழும்பு. அது தெரியும்.
புறங்கையில் மருதாணி, நகத்தில் கரி.
முழங்கை. தோள்.
முகத்துக்கு வந்தபோது
நினைவு கையை விரித்துவிட்டது.
மூக்கை ஊகித்தேன்.
கண்ணை என் தங்கையிடம் கடன் வாங்கினேன்.
கீழே ஒரே வரி:
எங்கள் டீ எங்கே?

இரவு பத்தரைக்கு ஏற்றினேன்.
பதினொன்றுக்கு நாட்டின் இணையத்தையே அணைத்தார்கள்.
என் படத்துக்காக அல்ல,
அவ்வளவு தலைக்கனம் எனக்கில்லை.
முப்பத்தேழு பேர் பார்த்திருந்தார்கள்.
அதில் இரண்டு பேர் என் அண்ணன்.

மறுநாள் அது நடக்கத் தொடங்கியது.
பேருந்தின் கடைசி இருக்கையில், புளூடூத்தில்,
மசூதி வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில்.
ஓம்துர்மானிலிருந்து கார்த்தூம் போகிறவர்களுக்கு
ஒரே அறிவுரை:
பாலத்துக்கு முன் அழித்துவிடு.
சிப்பாய் கேட்பான், கைபேசியைக் கொடுத்துவிடு.
உன் அக்கா கல்யாணத்தையும்
பூனை தூங்குவதையும்
அவன் ஆசை தீரப் பார்க்கட்டும்.
கீழே நைல் பாட்டுக்கு ஓடும்.
அக்கரையில் பழச்சாற்றுக் கடையில்
இன்னொருவரிடம் வாங்கிக்கொள்.

ஹாஷிம் மட்டும் அழிக்க மறுத்தான்.
மெமரி கார்டை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு
பெயர் கேட்டதற்கு ஊமைபோல் கையாட்டினான்.
அறை விழுந்தது. விழுங்கிவிட்டான்.
என் வயிற்றில்தான் மூன்று நாள்
உன் கண்காட்சி நடந்தது என்று
இன்றும் சொல்லிச் சிரிக்கிறான்.
இடது காது இன்னும் கேட்பதில்லை.

கைமாறிக் கைமாறி
ஒவ்வொரு கைக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்தது படம்.
முதலில் தழும்பு போனது. பிறகு மருதாணி.
மஞ்சள் சேறாயிற்று.
மூலையில் என் கையெழுத்தை யாரோ வெட்டியிருந்தார்கள்,
என்னைக் காப்பாற்றவோ, தன்னையோ.

பதினேழாம் நாள்
அத்பராவிலிருந்து வந்த ரயில் பட்டறைக்காரர்
அதை எனக்கே காட்டினார்.
"என் தங்கை நிஅமாத்.
சனிக்கிழமை பிடித்துப்போனார்கள்.
யாரோ நல்லவன் வரைந்திருக்கிறான்."

பார்த்தேன்.
முகம் இருந்த இடத்தில் ஏழெட்டுச் சதுரங்கள்,
பழுப்பு, அதைவிடக் கொஞ்சம் பழுப்பு.
ஆமாம், நிஅமாத்தான் என்றேன்.
பொய் சொன்ன மாதிரி இல்லை.
நல்லவன் என்றதையும் திருத்தவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள் அவாதியா வந்தாள்.
ஏன் விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.
படம் கதவைத் திறந்ததா என்று
என்னிடம் கேட்காதீர்கள்.
நிஅமாத் இன்னும் வரவில்லை.

அசலைக் காட்டினேன்.
கிட்டே பிடித்தாள், எட்டிப் பிடித்தாள்.
"மூக்கு என்னுடையது இல்லை" என்றாள்.
"கை சரி."

குனிந்து கரியை ஊதினாள்.
முன்பு இருந்த இரண்டு பற்கள் இல்லாததால்
காற்று பக்கவாட்டில் போயிற்று.
நெருப்பு பிடிக்க நேரமானது.
உதவிக்கு எழுந்தவர்கள்
அவள் கண்ணைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு, தெருவுக்கே கேட்கும்படி,
"தஹானி, உன் கணக்கில் ஏழு டீ பாக்கி.
அவர்கள் எவ்வளவோ கேட்டார்கள்,
இதைக்கூட நான் சொல்லவில்லை."