நகக்கண்

மேசையை விட்டு எழும்போதெல்லாம்
ஒருமுறை கைதட்ட வேண்டும்.
பிறகு உள்ளங்கை மேலே, உள்ளங்கை கீழே.
சில்லு எதையும் எடுத்துப் போகவில்லையென்று
கூரையில் ஒரு காமிரா பார்த்துக்கொள்ளும்.
நோவா கொரிட்சாவில் ரூலட் சுழற்றுகிற எல்லாருக்கும்
இது பழக்கம்.
எனக்கு மட்டும்
இரவுக்கு ஆறு தடவை அம்மணம்.

எட்டு விரலில் அரை நகம்.
கட்டைவிரல்களில் அதுவும் இல்லை.
காமிராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அலோய்ஸ்
ஒருநாள் காபி இயந்திரத்தின் அருகே சொன்னான்:
"டரிங்கா, நீ திருடுவதெல்லாம் உன்னையேதான்."
சிரித்தான். நானும் சிரித்தேன்,
சுட்டுவிரல் பல்லுக்கிடையில் இருக்க.

கசப்பு மருந்து பூசினேன்; கசப்பு பழகிவிட்டது.
கையுறை போட்டேன்; கம்பளி நூலை மென்றேன்.
நகத்தால் கிள்ள வேண்டியதற்குக் கோடாலி எதற்கு என்பார்கள்.
கிள்ளுவதற்கு நகம் இருப்பவர்கள் சொல்வது அது.

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடியில்
ஸோர்கோ என்றொரு மனோவசியக்காரர்.
ஐம்பது யூரோ. ரசீது உண்டு.
ஊசலாடும் கடிகாரத்தை எதிர்பார்த்துப் போனேன்.
அவரிடம் இருந்தது ஜலதோஷம்தான்.
மூக்கடைத்த குரலில்
"கண்ணை மூடுங்கள்" என்றார்.

கீழே யாரோ ஒரு சக்கரத்தைச் சுழற்றிச் சோதித்தார்கள்.
கர்ரென்று ஓடி, மெதுவாகி, நின்றது.
எந்த எண் என்று கேட்டது மனம்.

பத்துப் படி இறங்கச் சொன்னார், விரலுக்கொரு படி.
நான்காவதில் தோள் தளர்ந்தது.
ஏழாவதில், எல்லை தாண்டி வரும் இத்தாலியக் கிழவர்கள்,
அவர்களுடைய ஓய்வூதியம், அத்தர் வாசனை
எல்லாம் மேலேயே நின்றுவிட்டன.
பத்தாவதில் ஸோச்சா நதி,
ஏப்ரல் பனி உருகி ஓடும் பச்சை.
கையைத் தண்ணீரில் விடச் சொன்னார். விட்டேன்.
முகத்துக் கண்கள் எப்போதோ மூடியிருந்தன.
நகக்கண்கள் பத்தும்
ஒவ்வொன்றாக மூடியது அப்போதுதான்.

தூக்கமல்ல அது.
அவர் மூக்குறிஞ்சுவது கேட்டுக்கொண்டேயிருந்தது.
ஆனாலும் என் வலது கை
என்னைக் கேளாமல் மடியிலிருந்து எழுந்து,
தண்ணீரில் கட்டை மிதப்பதுபோல் வந்து,
முகவாயருகே நின்றது.
"எதற்கு வருகிறாய் என்று கையையே கேளுங்கள்."

கேட்டேன்.
பிள்ளைப் பருவம், அடி, இருட்டறை
என்று ஏதாவது சொல்லுமென்று நினைத்தேன்.
கை சொன்னது:
எண்ணிப் பார்க்கத்தான்.
ராத்திரி முழுக்க ஊரார் காசை எண்ணுகிறேன்.
விடியும்போது
எனக்கென்று எத்தனை மிச்சமென்று
வாயில் வைத்துப் பார்க்கிறேன்.

அழுகை வந்ததா என்று பிறகு கேட்டார் ஸோர்கோ.
இல்லை, பசி வந்தது.
பையிலிருந்த ரொட்டியை அங்கேயே தின்றேன்.
அவர் ரசீது எழுதினார்.
பேனா மூடி முழுக்கப் பல்தடம்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு முறை போனேன்.
"பத்துமா?" என்றார் கடைசித் தடவை.
ஒன்பது என்றேன்.
இடது சுண்டுவிரலை விட்டுவைக்கச் சொன்னேன்.
முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு
ஒரேயடியாகக் கதவைச் சாத்த முடியாது.

அக்டோபரில் ஒரு பின்னிரவு.
வெளியே புரா காற்று நடைபாதை நாற்காலிகளை உருட்டியது.
பந்து பதினேழில் விழுந்தது.
சில்லுகளை நகர்த்தினேன்.
டிக்.
என்ன சத்தமென்று தேடினேன்.
மறுபடி டிக்.
என் நகம், சில்லின்மேல்.
முப்பத்தெட்டு வயதுவரை
இந்தக் கைக்கு ஒலி உண்டென்று தெரியாது எனக்கு.
டை தளர்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்,
யாரோ கதவைத் தட்டியதுபோல்.

எழுந்தேன். கைதட்டினேன்.
மேலே. கீழே.
கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்துக்கொண்டேன்.
சுண்டுவிரலை மட்டும் மடித்திருந்தேன்.

மேசைத் தொலைபேசி அடித்தது.
அலோய்ஸ்: "அதையும் விரி."

விரித்தேன்.